வட்டத்துக்குள் சனி

என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். சிம்பாங் பூலாய் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காலை ஷிப்ட் தொடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடியலுக்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுவார். முதலில் ஆள் ஏற்றும் இடத்தில் தெருவிளக்கு கிடையாது. பெண்கள் நடந்து வந்து சேரும்வரை பஸ் விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே நிற்பாராம். கைப்பேசியை நோண்டும் பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் மேலே பார்த்தார்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மற்ற வீடுகளில் வேலை முடிந்து வருகிறவர்கள் மேலாளர் திட்டியதையும் சாலை நெரிசலையும் சொல்வார்கள். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு வெள்ளிக்குப் பக்கத்துலயே நெலா வந்து நின்னுச்சு. நீ தூங்கிக்கிட்டு கெடந்த" என்பார். நான் பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு வெள்ளி எங்கே நின்றால் என்ன என்று இருக்கும். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பேன்.

ஒரு மார்கழி மாலை. மழை விட்டிருந்தது. மலையடிவாரக் கோயிலில் அர்ச்சனை முடித்து வெளியே வந்தோம். கார் நிறுத்திய இடத்தில் அவர் என் தோள்களைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார்.

"திருவாதிரை திருவாதிரைன்னு ஐயர்கிட்ட சொல்றியே, அது எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"எது?"

"அந்தா, செவப்பா இருக்கு பாரு. மூணு வரிசையா நிக்கிதுல்ல, அதுக்கு இடது பக்கம்."

பார்த்தேன். பழுத்த கனல் மாதிரி ஒரு புள்ளி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன் அப்போது. குழந்தையாக இருந்தபோதிலிருந்து என் பேரோடு சேர்த்தே சொல்லப்பட்டு வந்த ஒரு சொல், நிஜமாகவே ஓர் இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அங்கேயே நின்றபடி எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "என்னா, என்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. உங்களுது எது?"

"கார்த்திகை. இன்னும் மேல. கூட்டமா இருக்கும்."

எனக்கு அங்கே புகைபோல ஏதோ தெரிந்ததே தவிரக் கூட்டம் எதுவும் தெரியவில்லை. "நேரா பாக்காத. கொஞ்சம் தள்ளிப் பாரு. மங்கலா இருக்கறது எல்லாம் பக்கத்துல பாத்தாத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னபடி கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தேன். புகைக்குள்ளிருந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வீட்டுக்கு வரும் வழியில் காரின் சன்னலை இறக்கிவிட்டு, கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நானும் அந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன்.

நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வருஷக் கடைசி மழை ஓய்ந்து தைப்பூசம் வரும் வரைக்கும் உள்ள நாட்கள்தான் நமக்குக் குளிர்காலம். மாலையில் மெல்லிய சட்டையோடு வெளியே நின்றால் கை லேசாகச் சில்லிடும். மழை கழுவிவிட்டுப்போன வானம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் மேகம், புகைமூட்டம், கல்லுடைக்கும் மலைகளின் தூசி. அந்தச் சில வாரங்களுக்காக அவர் வருஷம் பூராவும் காத்திருப்பார்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்து ஊர் மறுபடி திறந்தபோது, ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். மகனோடு இருக்கக் கோலாலம்பூருக்குப் போகப்போகிறேன் என்று ஒரு சீனக் கிழவர் வீட்டுச் சாமான்களை எல்லாம் விரித்துப்போட்டு விற்றுக்கொண்டிருந்தாராம். போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல அதைத் தூக்கி வந்தார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. ஒரு பக்கம் மலை பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், மறுபக்கம் தெருவிளக்கு. அதனால் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போகத் தொடங்கினோம்.

தோட்டம் என்று சொல்வது பழக்கத்தால்தான். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் குடியிருந்த லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. முனியாண்டி கோயில் மட்டும் இருந்தது, அதன் முன்னால் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற அளவு ஒரு திடல். அவருக்கு அந்த இடத்தின்மேல் பெரிய ஏக்கம் எதுவும் இல்லை. "இங்க என்னா இருக்கு? இருட்டு மட்டுந்தான் இருக்கு" என்பார், அதைவிட நல்ல பொருள் உலகத்தில் இல்லை என்பதுபோல. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், இருட்டியதும் பார்த்துவிட்டு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவோம். மறுநாள் அவருக்கு பஸ் இருக்கும்.

சனியை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அவர் குனிந்து வெகுநேரம் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "வா, வா, ஓடி வா" என்று கூப்பிட்டார். கண்ணை வைத்தேன். கறுப்பான சின்ன வட்டம். அதன் நடுவில் கடுகு அளவில் ஒரு மஞ்சள் உருண்டை, அதைச் சுற்றி ஒரு மோதிரம். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது முன்பக்கக் கண்ணாடியில் படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று குழாயின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

திரும்ப வந்து கண்ணை வைத்தால் வட்டம் காலியாக இருந்தது.

"எங்க போச்சு?"

"அது எங்கயும் போகல. நாமதான் சுத்துறோம்ல. பாத்துக்கிட்டு இருக்கறப்பவே நழுவி வெளிய போயிரும். நாமதான் பின்னாலயே போகணும்" என்று சொல்லிக் குழாயை ஒரு நூல் அசைத்தார். மோதிரம் மறுபடி வந்தது.

அந்த இரண்டு மூன்று வருஷங்கள் நாங்கள் நன்றாக இருந்தோம். எங்களுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனி, ஞாயிறுகளில் வருவாள். "மத்த அப்பா அம்மாலாம் சுற்றுலா போறாங்க, நீங்க செம்பனைக் காட்டுக்குப் போறீங்க" என்று கேலி செய்வாள். ஆனால் அவளும் வந்து வியாழனின் நிலாக்களைப் பார்ப்பாள்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்த தேநீர்க் குவளையைத் தட்டிவிடுவார். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், எதிரே வருகிறவர்கள்மேல் மோதிக்கொள்வார். ஒருமுறை பஸ்ஸின் பக்கவாட்டை வாசல் தூணில் உரசிக்கொண்டு வந்தார். "வயசாகுதுலா" என்று சிரித்தார். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அதோடு விட்டுவிட்டோம்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தனை துல்லியமான வானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"ச்சே. கார்த்திகை மேல மேகம் வந்து உக்காந்துகிச்சு. இன்னிக்குன்னு பாத்து."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "மேகமா? எங்க?"

"அந்தா, ரோகிணிக்கு மேல. சாம்பலா இருக்குல்ல."

"மேகமே இல்லீங்க. எனக்கு நல்லா தெரியுது."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன்."

"தள்ளிப் பாக்கிறியா, நேரா பாக்கிறியா?"

"நேரா பாத்தாலே தெரியுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்கத் தொடங்கினார். வேடன் உருவத்தின் இடுப்புக்குக் கீழே வாள்போல் தொங்கும் மங்கலான நட்சத்திரங்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. மிருகசீரிடத்தின் சின்ன மூன்று? இருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம்? இருக்கிறது. அவர் கேட்கக் கேட்க நான் "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் இப்படிச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்று புரிந்தது. ஆனால் இல்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாமே இருந்தது.

கடைசியில் அவர் எழுந்தார். "போலாம்" என்றார். டெலஸ்கோப்பை அன்று வெளியே எடுக்கவே இல்லை. காரின் கதவருகே போய் நின்று சாவியை என் கையில் கொடுத்தார். இருட்டில் என்னை வண்டி ஓட்ட அவர் அதற்கு முன் விட்டதே இல்லை. நெடுஞ்சாலையில் எதிரே பஸ் வரும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில் இருந்தவர்களைப் பற்றி யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்ததுபோல ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து நடுவில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். சுற்றிலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தோன்றி மறையும். ஒவ்வொன்று தெரியும்போதும் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பொத்தானின் சத்தம் கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு சத்தம், மறுபடி மௌனம். அவருக்கு முன்பு அதே கருவியில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெண்மணி மழை விழுவதுபோல அழுத்திக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "ஒரே சலிப்பு. ரொம்ப நேரத்துக்கு ஒரு தடவதான் லைட்டே விடறாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். அவசரப்படாமல், நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறது. வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. ஓரங்களில் இருந்துதான் பார்வை போகும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து தருகிறேன், ஆனால் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார்.

என் கணவர் யோசித்தார். அவருடைய அப்பா பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் மரத்து வேரில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தாராம். வெட்டுக்காயம் ஆழமாகப் போய் மரம் கெடுகிறது என்று அவரைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "வயசாயிருச்சு, கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சிட்டோம். யாரு ஹோஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா அப்பல்லாம்" என்றார் என்னிடம் தமிழில். நான் மலாயில் சொன்னேன்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "பிள்ளைகள் இருக்கிறார்களா?"

அந்தக் கேள்வி வரைக்கும் அவர் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

பஸ் வேலையை அந்த வாரமே விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, நிர்வாகத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவரே போய்ச் சொன்னார். "இத்தன நாளு அந்தப் புள்ளைங்கள எப்படிக் கொண்டுபோய் எறக்கினேன்னு நெனச்சா தூக்கமே வர மாட்டேங்குதுலா" என்று சமையலறையில் நின்று சொன்னார். பஸ்ஸில் வந்த பெண்களில் ஒருத்தி, தினமும் அவருக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு கொண்டுவருகிறவள், வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தன் கண்ணைப் பற்றிய கவலை அப்போது பின்னுக்குப் போய்விட்டது. மகள் கண்தான். அவளோ, "எனக்கு நல்லாத்தான்பா தெரியுது. லீவு கெடைக்கறது சுசா, லேசுல குடுக்க மாட்டாங்க. அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். யாரிடமும் கெஞ்சாத மனிதர் தினமும் மாலையில் அவளைக் கூப்பிட்டார். "பாப்பா, போய்ட்டு வந்தியா?" அவ்வளவுதான் கேட்பார். இல்லை என்றால் போனை வைத்துவிடுவார். மறுநாள் மறுபடியும் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவள் வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கும் இருக்காம். ஆரம்பம்தான். மருந்து போட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாதாம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு நான் வேற என்னா குடுத்தேன்? ஒரு வீடு உண்டா, நெலம் உண்டா? இதப் போய் குடுத்திருக்கேனே" என்று சொல்லி அழுதார். நான் அவரோடு வாழ்ந்த காலத்தில் அப்படி அவர் அழுது பார்த்ததில்லை, அவருடைய அம்மா செத்தபோதுகூட.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுலா, அப்பா" என்றாள் அவள். அது உண்மைதான். ஆனால் அது அவருடைய காதில் விழவில்லை.

செய்தி கேட்டு என் நாத்தனார் தைப்பிங்கிலிருந்து வந்தார். தம்பிமேல் உயிரையே வைத்திருப்பவர். டெலஸ்கோப்பைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சனிய யாராச்சும் தேடிப்போய் பாப்பாங்களா? கோயில்லயே அதுக்கு நேரா நிக்கக்கூடாதுங்கறாங்க. நீ கொழாய வச்சு உத்து உத்து பாத்திருக்க. கண்ணு போகாம என்னா செய்யும்?"

அவர் சிரித்தார். "அக்கா, நான்தான் அதப் பாத்தேன். அது என்னையப் பாக்கவே இல்லக்கா. அம்மாந்தூரத்துல இருக்கு."

நானும் சிரித்தேன். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து கோயிலுக்குப் போய் நவக்கிரகங்களைச் சுற்றி எள் விளக்கு ஏற்றத் தொடங்கினேன். அவரிடம் சொல்லவில்லை. நான் பார்த்த அந்தச் சின்ன மஞ்சள் உருண்டைமேல் எனக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அது யார் கண்ணையும் பிடுங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது போய் நின்று கேட்க வேண்டும்போல் இருந்தது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது.

அடுத்த ஜனவரியில் மாலை வானத்தில் கோள்கள் வரிசையாக நிற்கப்போவதாகக் கைப்பேசியில் எல்லாரும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேற்கே வெள்ளியும் சனியும், உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய். ஒரு வெள்ளிக்கிழமை மகள் வந்திருந்தபோது அவர், "போலாமா?" என்றார்.

நான்தான் ஓட்டினேன். மகள் அவர் கையைப் பிடித்துத் திடலுக்குக் கூட்டி வந்தாள். முகத்தை மேற்கே தூக்கிச் சற்று நேரம் இப்படியும் அப்படியும் தேடிவிட்டு, "வெள்ளி அங்க" என்று கையை நீட்டினார். சரியாகத்தான் நீட்டினார். அதற்குமேல் அவருக்குத் தெரிந்தது வியாழன் மட்டும். மற்ற இடமெல்லாம், கறுப்புக்கூட இல்லை, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு என்றார்.

சனியை நான் குழாய்க்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை நான் அதைத் தொட்டது கிடையாது. "மெல்ல, மெல்ல. எதிர்ப்பக்கமா திருப்பு. உள்ள எல்லாம் தலைகீழா இருக்கும்" என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். வெகுநேரம் திணறி ஒருவழியாக அதைப் பிடித்தேன். மகள் அவர் தலையைப் பிடித்து மெல்லக் குனியவைத்தாள்.

"இருக்கு" என்றார்.

ஓரங்கள் எல்லாம் போய்விட்டாலும் அவருக்கு நடுப்பார்வை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வானத்தைப் பார்க்க அது போதாது, அந்தச் சின்ன வட்டத்துக்குப் போதுமாக இருந்தது. "நல்லா தெரியுது. இந்த ஓட்டைக்குள்ள இருக்கறது எனக்கு நல்லாவே தெரியுது" என்றார். பிறகு குரல் மாறியது. "மோதிரம் எங்க? கோடு மாதிரி இருக்கு. குறுக்கால ஒரு கோடு."

நான் அவரை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே மோதிரத்தைக் காணோம். உருண்டையின் குறுக்கே ஊசி செருகியதுபோல மெல்லிய கோடு ஒன்றுதான் இருந்தது.

"எனக்கும் கோடாத்தாங்க தெரியுது."

"எனக்காகச் சொல்லாத."

"சத்தியமா கோடுதான்."

மகள் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் தேடினாள். "ஆமாப்பா. இந்த வருஷம் அது நம்ம பக்கம் வெளிம்ப காட்டிக்கிட்டுத் திரும்பியிருக்காம். தட்ட ஓரத்துலேருந்து பாத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. எல்லாருக்கும் கோடாத்தான் தெரியும்."

அவர் கைதட்டிச் சிரித்தார். "அப்ப இது என் கண்ணு இல்ல!" திடல் முழுக்கக் கேட்டது. "மறுபடி எப்ப விரியும்?"

"முழுசா விரிய ரொம்ப வருஷம் ஆகும் போல இருக்குப்பா."

"அப்படியா" என்றார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு அன்று சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. அவர் சிரித்ததே காரணம். நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிழக்கே செவ்வாய் எப்படிச் சிவந்து எழும்பியிருக்கிறது, புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களும் அதன் பக்கத்தில் எப்படி நிற்கின்றன, திருவாதிரை இன்று எவ்வளவு பிரகாசம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"சொல்லாத" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் பாக்கத்தான் வந்தேன். கேக்க வரல."

மகள் என்னைப் பார்த்தாள். நான் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். கோபம் இல்லை. அவர் இருக்கும் இடத்துக்கு நான் போக முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக எங்கே போனாலும் ஒன்றாகவே போயிருக்கிறோம். சற்று நேரம் கழித்து அவரே தடவித் தடவிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, "தாஹான் பண்ண முடியலம்மா. தாங்க முடியல, அதான்" என்றார்.

அந்த வருஷத்தில் வலது கண்ணுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. அழுத்தம் குறைந்தது. ஆனால் நடுவில் மிஞ்சியிருந்ததும் மங்கத் தொடங்கிவிட்டது. ஆட்களைக் குரலால் அறிந்துகொண்டார். ஒருநாள் என்னிடம், "நீ கண்ணாடி போட்டிருக்கியா இப்ப?" என்று கேட்டார். நான் அவருக்குத் தெரிந்த நாளிலிருந்தே கண்ணாடி போட்டிருக்கிறேன்.

இந்த ஜனவரியில் மறுபடி தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். மகளுக்கு வேலை இருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். எனக்கு இப்போது கை பழகியிருந்தது. சனியை உடனே பிடித்து, வட்டத்தின் ஓரத்தில், நழுவுவதற்கு இடம் விட்டு வைத்தேன். அவர் தோளைப் பிடித்துக் குனியவைத்தேன். குழாயை லேசாகத் தொட்டபடி அவர் வெகுநேரம் பார்த்தார். முனியாண்டி கோயிலின் தகரக் கூரையில் எங்கிருந்தோ சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"தெரியுதா?"

"தெரியுதே. அழகா இருக்கு. அந்தக் கோடு கொஞ்சம் தடிச்சிருக்கு, போன வருஷத்துக்கு."

அவர் நிமிர்ந்ததும் நான் கண்ணை வைத்தேன். வட்டம் காலியாக இருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே நழுவிப் போயிருக்கலாம், அவர் வெகுநேரம் நின்றார். அவர் கைபட்டுக் குழாய் நகர்ந்திருக்கலாம். அல்லது முதலிலிருந்தே அவருக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கறுப்பு வட்டத்தில் கண்ணை வைத்தபடியே நின்றேன். உடனே நிமிர்ந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க."

"தடிச்சிருக்குல்ல?"

"ஆமா. தடிச்சிருக்கு."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்தேன். அதன் பிறகு அவர் தோட்டத்துக்குப் போகக் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மகள் வாராவாரம் வருகிறாள். மாலை சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் மகளும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து சாய்த்துக்கொள்வார்கள். நான் நின்றுகொண்டு முதலில் அவருக்கும் பிறகு அவளுக்கும் சொட்டு மருந்து விடுவேன். இரண்டு பேருடைய மருந்தும் ஒன்றுதான். விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து உள்ளே இறங்குகிறவரை அசையாமல் இருக்க வேண்டும்.

"பாப்பா, எரியுதா?" என்று அவர் கேட்பார்.

"கொஞ்சம்பா. ஒங்களுக்கு?"

"எனக்குப் பழகிப்போச்சு. நீ தொறந்துராத. அம்மா சொல்ற வரைக்கும் அப்படியே இரு."

நான் மருந்துக் குப்பியை மூடிவிட்டு அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.